நாகர்கோவில்: இடிக்கப்போகும் பழைய ஷாப்பிங் சென்டரின் சிமென்ட் எழுத்துகளை எப்படிக் காப்பாற்றலாம்?

வடசேரி டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மணிமேடைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவில் ஒரு பழைய மாடிக் கடைக்கட்டடம் இடிபடப் போகிறது. கீழே ஜவுளிக்கடை, பக்கத்தில் பாத்திரக்கடை, மாடியில் தையல்காரர்கள், ஒரு போட்டோ ஸ்டுடியோ என்று ஒரு காலத்தில் ஊரே ஏறி இறங்கிய இடம். கல்யாணச் சேலை எடுக்கத் தோவாளையிலிருந்தும் ராஜாக்கமங்கலத்திலிருந்தும் குடும்பத்தோடு வருவார்கள். என் அப்பா அங்கேதான் கணக்கெழுதினார். சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

முகப்பில் வெகுகாலமாக ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. போன வாரம் அதைக் கழற்றினார்கள். உள்ளே கையால் எழுதிய தகர போர்டு. அதை ஓரத்தில் நெம்பினால், பின்னால் கைப்பிடிச்சுவரில் சிமென்டில் புடைத்து நிற்கிற எழுத்துகள். மேலே கடைப் பெயர், அதற்குக் கீழே உருண்டு திரண்ட வடிவில் 'ஷாப்பிங் சென்டர்'. புள்ளி வைத்த எழுத்துகளுக்கெல்லாம் புள்ளி அரை எலுமிச்சை மாதிரி உருட்டி வைத்திருக்கிறது. அடுத்த வரி மலையாளம், கொஞ்சம் சிறிதாக. இடது பக்கம் 'சேலை, வேட்டி, நேரியல்'. அந்த 'லை'யில் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்த பழைய கொம்பு அப்படியே இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளில் இதுவும் ஒன்று. மலையாள வரியும் கூட்டெழுத்துகளோடு பழைய லிபியில்தான் இருக்கிறது. கேரளத்தில் 1971இல் அதை எளிமைப்படுத்தினார்கள்.

எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு தாமரைப் பூவுக்கு நடுவில் 1133 என்று ஒரு எண். இடிப்புக்காரரின் ஆள் அதைப் பழைய கதவு எண் என்கிறார். அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கு. 1957 ஆகஸ்டில் தொடங்கி 1958 ஆகஸ்டில் முடிந்த ஆண்டு.

இதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அது நடந்து இரண்டு ஆண்டுக்குள் எழுந்த முகப்பு இது. தமிழை மேலே பெரிதாக வைத்திருக்கிறார்கள். மலையாளத்தைக் கீழே சிறிதாக்கியிருக்கிறார்கள், ஆனால் விட்டுவிடவில்லை. ஏனென்றால் கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற வாடிக்கையாளர்களும் வேண்டும். ஆண்டு மட்டும் பழைய பழக்கப்படி கொல்லம் ஆண்டு. நடுவில் 'ஷாப்பிங் சென்டர்' என்கிற அந்தக் காலத்துப் புதுச் சொல். எல்லை மாறியதை அரசிதழில் படிக்கலாம். ஆனால் கடைத்தெருவில் ஒரு வியாபாரி அந்த மாற்றத்தை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு இந்தச் சுவரைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு சாட்சி இல்லை.

சட்டம் உதவாது என்று தெரியும். தொன்மைச் சின்னம் என்றால் 100 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், இதற்கு ஏறக்குறைய எழுபதுதான். சொந்தக்காரரின் பேரன் நல்ல பிள்ளை. "அக்கா, எடுத்துக்கிட முடிஞ்சா எடுத்துக்கிடுங்க, நான் தடை சொல்ல மாட்டேன்" என்றுவிட்டார். எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. சிமென்ட் எழுத்தைச் சுவரிலிருந்து பிரிக்கலாமா? தகர போர்டை என்ன செய்வது? இந்த மாதிரி வேலை வேறெங்காவது நடந்திருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தக்கலை பெயிண்டர் எழுதியது:

டீச்சர், முதல்ல ஒரு காரியம். அந்தத் தகரத்தை ஆக்கர் கடைக்குக் குடுத்திராதீங்க. எல்லாரும் சிமென்ட் எழுத்தையே பாப்பாங்க, தகரம் எடைக்குப் போயிரும். நான் நாப்பது வருசத்துக்கு மேல போர்டு எழுதினவன். என் கையால எழுதினதுல இன்னைக்கு வெளியில நிக்கது ஒரு கை விரல்ல எண்ணிரலாம். அதனால சொல்லுகேன்.

போர்டை இறக்கும்போது ஆணியைக் கொண்டிக் கம்பியால நெம்பாண்டாம். ஆணித் தலையைச் சுத்திப் பெயின்ட் செதில் செதிலாப் போயிரும். பின்பக்கம் அயினிச் சட்டம் இருக்கும், அந்தச் சட்டத்தோட சேத்து அறுத்து இறக்குங்க. இறக்கினதும் வலது பக்கம் கீழ் மூலையைப் பாருங்க. எழுதினவன் பேரும் ஊரும் குட்டியா இருக்கும். நாங்க எல்லாரும் அங்கதான் போடுவோம், சில பேரு வருசமும் போடுவாங்க. அதை முதல்ல போட்டோ எடுத்திருங்க.

எப்படி எழுதினாங்கன்னு தெரிஞ்சாத்தான் எப்படிக் காப்பாத்தணும்னு தெரியும். தகரத்துக்கு முதல்ல ரெட் ஆக்சைடு. அது காய்ஞ்சு வெள்ளை ரெண்டு கோட்டு. அப்புறம் நூல்ல சாக்குப்பொடி தேய்ச்சு ரெண்டு பேரா இழுத்துப் பிடிச்சு நடுவுல ஒரு சுண்டு. கோடு விழும். அந்தக் கோட்டுக்குள்ள எழுத்தை சாக்கட்டியால போட்டுக்கிட்டு, கை நடுங்காம இருக்க ஒரு கம்பை போர்டுல சாத்தி, அதுமேல மணிக்கட்டை வச்சு பிரஷ்ஷை இழுக்கணும். எழுத்து முழுசாக் காய்ஞ்ச பிறகுதான் ஷேடு. எங்க ஆசான் ஷேடை எப்பவும் இடது பக்கம் கீழேதான் போடச் சொல்லுவாரு. உங்க போர்டுல ஷேடு எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க, எந்த ஆசானுக்க பட்டறைன்னு ஒரு துப்பு கிடைச்சாலும் கிடைக்கும்.

விரலால மெதுவா தொட்டுப் பாருங்க. வெள்ளை மாவு மாதிரி ஒட்டுனா அதைத் தண்ணி விட்டுத் துடைக்காண்டாம். வெயில்ல பெயின்டுல உள்ள எண்ணெய் செத்துப்போயி வெள்ளைப் பொடி மட்டும் மேல நிக்கிது. அந்த வெள்ளைக்குப் பேரு டைட்டானியம். நம்ம மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல்ல எடுக்க இல்மனைட்டுல இருந்து ஆக்குகதுதான் டைட்டானியம் வெள்ளை. அதுல அனடேஸ்னு ஒரு வகை வெயிலுக்கு சீக்கிரம் மாவாயிரும், ரூட்டைல்னு இன்னொண்ணு தாங்கும். பழைய போர்டுல மாவா உதிரதைத்தான் நான் கூடுதல் கண்டிருக்கேன்.

மெத்துன்னு உள்ள காய்ஞ்ச பிரஷ்ஷால தூசி தட்டுங்க. மாவு ஒட்டாத இடத்துல மட்டும் ஈரப் பஞ்சால ஒரு மூலையில ஒத்திப் பாத்து, நிறம் வராட்டா மேல போங்க. மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் பக்கத்துலயே வராண்டாம். வார்னிஷ் அடிச்சா பளபளன்னு இருக்கும்னு யாராவது சொல்லுவாங்க. அடிக்காண்டாம், அது மஞ்சளாயி பெயின்டோட சேந்து போயிரும், பெறவு பிரிக்க முடியாது. அழிஞ்ச எழுத்தை மறுபடி எழுதித் தாங்கன்னு என்னைக் கூப்பிட்டாலும் நான் அந்த போர்டுல எழுத மாட்டேன். வேணும்னா அதே அளவுல புதுத் தகரத்துல ஒண்ணு எழுதித் தாரேன். பழசு பழசாவே இருக்கட்டும்.

வைக்கும்போது சிமென்ட் தரையில படுக்கப் போடாதீங்க, ஈரம் ஏறும். ரெண்டு கட்டையில நிமித்தி வச்சு பருத்தித் துணியால மூடுங்க. பிளாஸ்டிக் ஷீட்டு சுத்துனா உள்ள வேர்த்து துருப்பிடிக்கும். நம்ம ஊருல இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருசத்துல பாதி நாள் காத்துலயே ஈரந்தான்.

---

ஒகாயோவில் குமரியன் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். சொந்த ஊர் இரணியல் பக்கம், இப்போது அமெரிக்காவில் சின்சினாட்டிக்கு அருகில் இருக்கிறேன். வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று கேட்டீர்கள். இங்கே சின்சினாட்டியிலேயே அமெரிக்கன் சைன் மியூசியம் என்று பெயர்ப்பலகைகளுக்காகவே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பெயர்ப்பலகைத் தொழிலுக்காக 1906இலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் ஆசிரியராக இருந்த டாட் ஸ்வார்ம்ஸ்டெட் 1999இல் இதைத் தொடங்கினார். 2012இல் இப்போதுள்ள பெரிய பழைய ஆலைக் கட்டடத்துக்கு மாறியது. பலகைகளை வரிசையாகச் சுவரில் மாட்டி வைத்ததோடு நிற்காமல் ஒரு கடைத்தெருவையே உள்ளே கட்டி, ஒவ்வொரு பலகையையும் ஒரு கடை முகப்பில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கேயே நியான் குழாய் வளைக்கிற பட்டறையும் ஓடுகிறது.

இங்கே ஷாப்பிங் சென்டர் பலகைகளுக்கு வந்த கதை நம் ஊர்க் கதையிலிருந்து கொஞ்சம் வேறு. 1950களில் கடைகள் ஊர் நடுவிலிருந்து புறநகர்ச் சாலைகளுக்குப் போயின. டெட்ராய்ட் பக்கத்தில் நார்த்லேண்ட் 1954இல் திறந்தது. மினசோட்டாவில் எடினா என்ற ஊரில் முழுக்கக் கூரை போட்டுக் குளிரூட்டிய சவுத்டேல் 1956 அக்டோபரில் திறந்தது. இரண்டையும் வடிவமைத்தவர் விக்டர் குருயென். கவனித்தீர்களா, அடுத்த மாதம்தான் நம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. உங்கள் முகப்பில் இருக்கிற சொல்லும் அந்தக் காலத்தது.

காரில் வேகமாகப் போகிறவன் கண்ணில் தூரத்திலேயே பட வேண்டும். அதனால் கடையை விடப் பலகை உயரம். சாலையோரம் ஒரு தூண், அதன் மேல் அம்பு, நட்சத்திரம், ஓடி ஓடி எரியும் பல்புகள், நியான். பிறகு கடைகள் கைமாறின, பெரிய நிறுவனங்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிப் பலகை வேண்டும் என்றன. நகராட்சிகளும் பலகையின் உயரத்துக்கும் பரப்புக்கும் வரம்பு போட்டன. பல ஊர்களில் பழைய பலகை இருக்கிறவரை இருக்கலாம், ஒருமுறை கழற்றினால் அதே அளவில் திரும்ப ஏற்ற முடியாது. பழுது பார்க்கக் கழற்றுவதே ஆபத்தாகிவிட்டது. அதோடு நியான் குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், உடைந்த குழாயை ஊதி வளைக்கத் தெரிந்த கை வேண்டும். எல்இடி வந்ததும் அந்தக் கைகளுக்கு வேலை குறைந்தது.

லாஸ் வேகாஸில் 1996இல் நியான் மியூசியம் உருவானது. அதன் வரவேற்புக் கூடம் முன்பு லா கோஞ்சா என்ற விடுதியின் முகப்புக் கூடம். கட்டடக் கலைஞர் பால் ரெவெரே வில்லியம்ஸ் வடிவமைத்து 1961இல் திறந்த, சங்கு மாதிரி வளைந்த கான்கிரீட் கூடு. விடுதியை இடித்தபோது அந்தக் கூட்டை 8 துண்டாக அறுத்து லாரியில் ஏற்றி 2006இல் இடம் மாற்றினார்கள். பிறகு ஒட்டிச் சேர்த்தார்கள். கான்கிரீட்டையே அப்படிச் செய்ய முடியுமென்றால் உங்கள் கைப்பிடிச்சுவர் முடியாத காரியம் இல்லை. செலவும் பொறுமையும்தான் கேள்வி.

இன்னொன்று. இங்கே வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஒரு கட்டடத்தையோ பலகையையோ சேர்க்கப் பொதுவாக 50 ஆண்டு ஆகியிருந்தால் போதும். 'வெல்கம் டு ஃபேபுலஸ் லாஸ் வேகாஸ்' பலகை 1959இல் நட்டது, பெட்டி வில்லிஸ் என்ற பெண்மணி வடிவமைத்தது. 2009இல் பதிவேட்டில் ஏறியது, சரியாக 50 ஆண்டில். நம் ஊரில் 100 என்ற வரம்பு இருப்பதால் சுதந்திரத்துக்குப் பிந்தின கடைத்தெரு முழுவதும் தொன்மைச் சின்னச் சட்டத்தின் கண்ணில் படாமலே போகிறது. 1950களின் சிமென்ட் எழுத்துக்கு 100 ஆண்டு ஆகும்போது அது இருக்காது.

என் அபிப்பிராயம் ஒன்று. அருங்காட்சியகத்துக்குப் போவது கடைசி வழி. புதுக் கட்டடத்தின் முகப்பிலோ படிக்கட்டுச் சுவரிலோ அதே எழுத்தை ஏற்ற முடியுமா என்று அந்தப் பேரனிடம் முதலில் கேளுங்கள்.

---

பார்வதிபுரம் வியாபாரி எழுதியது:

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் கடை வைத்திருக்கிறேன். போர்டு என்பது வாடிக்கையாளரைக் கூப்பிடுவதற்கு. சிமென்ட் எழுத்துக்கு ராத்திரி வெளிச்சம் கிடையாது, தூரத்திலிருந்து படிக்க முடியாது, கடை கைமாறினால் மாற்றவும் முடியாது. அதனால்தான் தகரம் வந்தது, பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, இப்போது ஏசிபி என்கிற அலுமினிய ஷீட்டில் எல்இடி எழுத்து. கடன் வாங்கிக் கட்டடம் எழுப்புகிறவரிடம் பழைய சுவரை வைத்துக்கொள் என்று கேட்பது நியாயமா? தவிர, மலையாள எழுத்து முகப்பில் இருந்தால் நாளைக்குத் தொழிலாளர் துறையிலிருந்து கேட்க மாட்டார்களா? அந்தக் குடும்பத்துக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

---

வடசேரி டீச்சர் எழுதியது:

கேட்டது நல்லது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு வைக்க எனக்கு எண்ணமில்லை. இடிப்பைத் தள்ளிப்போடச் சொல்லவும் இல்லை. உடைத்துக் குப்பை லாரியில் ஏற்றப்போவதைத்தான் கேட்கிறேன்.

மொழி விஷயம்: கடைப் பலகை விதி மற்ற மொழி கூடாது என்று சொல்லவில்லை. தமிழ் முதலில் பெரிதாக, அடுத்து ஆங்கிலம், அதற்கடுத்து மற்ற மொழி, 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இந்த முகப்பில் தமிழ்தான் மேலே, தமிழ்தான் பெரிது. பழைய எழுத்தை வியாபாரப் பலகையாக மாட்டப் போவதும் இல்லை, உள்ளே ஒரு சுவரில் வைத்தால் போதும்.

வெளிச்சம் இல்லாத எழுத்து என்றீர்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது வந்து பாருங்கள். எழுத்தின் நிழலே ஷேடு மாதிரி விழுந்து எதிர்ச்சாரியிலிருந்து தெளிவாகப் படிக்க முடிகிறது. வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் எழுத்தின் பருமனை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைக்கு ஒரு முகம் வேண்டும் என்று அந்த வியாபாரி நினைத்திருக்கிறார். அதை ஒரு கொத்தனாரும் ஒரு எழுத்துக்காரரும் சேர்ந்து செய்து கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் உள்ளூர் வரலாறு சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போகிறோம், சுசீந்திரம் கல்வெட்டைக் காட்டுகிறோம். ராஜாவும் கோயிலும் எழுதி வைத்தது மட்டும் வரலாறு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ள நாமே வழி பண்ணுகிறோம். அவர்கள் தாத்தா சேலை விற்ற கடையும் எழுதி வைத்திருக்கிறது. அதைக் காட்ட ஒரு துண்டுச் சுவராவது வேண்டாமா?

பெயிண்டர் அண்ணாச்சி, போர்டைச் சட்டத்தோடு இறக்கிவிட்டோம். நீங்கள் சொன்ன மூலையில் பெயர் இருக்கிறது, பாதி துருவில் போயிருக்கிறது. ஷேடு இடது பக்கம் கீழேதான். பேருக்குப் பின்னால் 'கோட்டாறு' என்று மட்டும் படிக்க முடிகிறது.

---

தக்கலை பெயிண்டர் எழுதியது:

கோட்டாறுன்னா எனக்கு ஒரு ஊகம் உண்டு. நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லணும், பாக்காம ஒரு ஆளுக்க பேரை எழுதப்பிடாது. நான் வாரேன். அதுவரைக்கும் அந்தத் துரு மேல எண்ணெய் வல்லதும் தேய்க்காண்டாம்.

---

மார்த்தாண்டம் சைட் சூப்பர்வைசர் எழுதியது:

இரண்டு தலைமுறையாகக் கொத்தன் வேலை செய்த வீட்டுப் பிள்ளை நான், இப்போது கட்டட வேலைகளை மேற்பார்க்கிறேன். எங்கள் ஊரில் மேம்பாலம் வந்த பிறகு கடைத்தெரு முகப்புகள் பாலத்தின் நிழலுக்குள் போய்விட்டன. மேல்மாடிப் பெயரெழுத்தை நிமிர்ந்து பார்க்கிறவர் இல்லை. அதனால் டீச்சர் எடுத்திருக்கிற முயற்சிக்கு என்னால் ஆன உதவியைச் செய்வேன்.

முதலில் எடைக் கணக்கு. 9 அங்குலச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை அடி அகலமும் மூன்று அடி உயரமும் உள்ள ஒரு எழுத்துத் துண்டு சுமார் 300 கிலோ வரும். 'ஷாப்பிங் சென்டர்' முழுவதையும் அறுத்து இறக்க கிரேனும் வேண்டும், அதை வைக்க இடமும் வேண்டும். பின்பக்கச் செங்கலைச் செதுக்கி மூன்று அங்குலமாகக் குறைத்தால் ஒரு துண்டு 100 கிலோவுக்கு வரும், நாலு பேர் தூக்கலாம். ஆனால் செதுக்கும்போது அதிர்ச்சியில் முன்பக்க எழுத்து கழன்று விழ வாய்ப்பு அதிகம். அதனால் எல்லாவற்றையும் அறுக்க ஆசைப்படாதீர்கள். தாமரையோடு உள்ள 1133 துண்டையும், இடது பக்கத்தில் 'சேலை' துண்டையும் மட்டும் அசலாக எடுங்கள். மற்றதை அச்சு எடுங்கள்.

அறுக்கும் முன் தட்டிப் பாருங்கள். சின்னச் சுத்தியின் மரப்பிடியால் எழுத்தின் மேல் மெதுவாகத் தட்டினால் கெட்டிச் சத்தம் வந்தால் சுவரோடு ஒட்டியிருக்கிறது. பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே விட்டுவிட்டது. அந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். பிறகு ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். அந்தக் காலத்தில் எழுத்துக்குப் பிடிமானமாகச் சுவரில் ஆணி அடித்து அதில் கம்பி சுற்றி, அதன் மேல்தான் கலவை வைப்பார்கள். அந்த ஆணி துருப்பிடித்தால் பருத்து உள்ளிருந்தே எழுத்தை வெடிக்க வைக்கும். வெடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஆணி இருக்கும். அந்தக் கோட்டில் பிளேடு போகக்கூடாது.

அறுக்க டைமண்ட் பிளேடு, தண்ணீர் விட்டுக்கொண்டே. எழுத்தைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டு அறுக்க வேண்டும். எழுத்தின் முன் பஞ்சு ஷீட், அதன் மேல் பிளைவுட், பின்பக்கமும் பிளைவுட், நீளப் போல்ட்டால் இரண்டையும் இறுக்கிய பிறகுதான் அடிக்கோட்டை அறுப்பது. இதற்கு மயிலாடியில் சிற்ப வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். ஒரு மூக்கு உடையாமல் சிலையை லாரியில் ஏற்றுகிறவர்கள் அவர்கள். சாதாரண இடிப்பு ஆளிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

அச்சு எடுக்க வெளியூர் போக வேண்டாம். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் பைபர் போட் வேலை செய்கிறவர்களுக்கு அச்சு, ரெசின், கண்ணாடி இழை எல்லாம் கைவந்த தொழில். அவர்களிடம் ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். இது பாலிஷ் போட்ட போட் அச்சு இல்லை, சொரசொரத்த சிமென்ட். ரெசினை நேராகப் பூசினால் எழுத்தோடு ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். எழுத்தின் பக்கங்கள் செங்குத்தாக வெட்டியிருப்பதால் இறுகிய அச்சு கழலவும் செய்யாது. முதலில் சிலிகான் ரப்பர், வளைந்து கொடுக்கும். அது இறுகியபின் அதன் மேல் பைபரால் ஓடு. சிலிகான் விலை கூடுதல்தான். ஆனால் ஒரு அச்சு இருந்தால் எழுத்தைத் திரும்பத் திரும்ப வார்க்கலாம். பைபரில் வார்த்தால் எடையும் இல்லை, புதுக் கட்டடத்தின் உள்சுவரில் திருகி மாட்டிவிடலாம்.

எந்த வேலைக்கும் முன்னால் பதிவு. காலை வெயிலில் ஒன்று, வெயில் நேராக விழும்போது ஒன்று. சுவரில் ஒரு அடிக்கோலை நிறுத்தி நேர் எதிரே நின்று எடுங்கள், கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் எழுத்து கூம்பிப் போகும். எதிர்க் கட்டடத்தின் மாடியில் அனுமதி கேளுங்கள். பிறகு சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து, ஒரு படத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் வருகிற மாதிரி எடுத்தால், கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவமாகச் சேர்த்துவிடலாம். தெளிவான பாலிதீன் ஷீட்டை எழுத்தின் மேல் விரித்து மார்க்கரால் கோடு எடுப்பதும் செய்யுங்கள். போட்டோ தவறினாலும் அது கைகொடுக்கும். எழுத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு இடத்தில் வண்ணத்தை ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டிப் பாருங்கள். முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று தெரியும். அந்த அடுக்குகளையும் படம் எடுங்கள்.

---

வடசேரி டீச்சர் எழுதியது:

நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நகக்கண் அளவு சுரண்டினோம். மேலே மஞ்சள், அதன் கீழ் பச்சை, அதற்கும் கீழ் சுவரோடு ஒட்டி ஒரு காவிச் சிவப்பு. பூவுக்கு மட்டும் அடியில் வெள்ளை. நான் பார்த்து வளர்ந்தது பச்சை என்று அம்மா சொல்கிறார்கள். சிவப்பில் அதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பேரனிடம் ஒகாயோ தம்பி சொன்னபடி கேட்டேன். வெளி முகப்பு ஏசிபிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் மாடிப்படி ஏறுகிற இடத்தில் ஒரு சுவரை எழுத்துக்கு விட்டுத்தருவதாகச் சொல்லிவிட்டார். 1133 துண்டு அங்கேயே பதியும். 'ஷாப்பிங் சென்டர்' பைபரில் வார்த்து அதற்கு மேலே வரும். மலையாள வரியையும் சேர்த்து அச்சு எடுக்க வேண்டும் என்று நான் கேட்டேன், சரி என்றார். 'சேலை' துண்டு எங்கள் பள்ளிக்கு. தகர போர்டையும் பள்ளியில் மழை படாத ஓர் அறையில் வைக்கத் தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். பெயிண்டர் அண்ணாச்சி வந்து எழுதியவர் பெயரைப் படித்துச் சொன்ன பிறகு, அந்தப் பெயரோடுதான் பக்கத்தில் குறிப்பு எழுதுவோம்.

மயிலாடியில் ஒரு பட்டறையில் பேசியாயிற்று. சுவரை வந்து தட்டிப் பார்த்தார். 1133 கெட்டியாக இருக்கிறது. 'சேலை'யில் 'சே' பொள்ளல். அதை அறுக்கும் முன் அச்சு எடுத்துவிடலாம் என்கிறார், உடைந்தாலும் உருவம் மிஞ்சும். முட்டத்திலிருந்து ஒரு போட் மேஸ்திரி வருகிறார். சிலிகான் செலவுக்கு அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் சேர்ந்து போட்டிருக்கிறோம், அதற்கு யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது வேண்டியது ஆட்கள். வரும் ஞாயிறு காலை, வெயில் ஏறும் முன் பாலிதீனில் கோடு எடுக்கிறோம். உயர ஏணி உள்ளவர்கள், நல்ல கேமரா உள்ளவர்கள் வாருங்கள். எதிர்க் கட்டடத்து மாடிக்கு அனுமதி வாங்கியாயிற்று. மலையாளப் பழைய லிபி தடையில்லாமல் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். கடைசிச் சொல்லில் இரண்டு கூட்டெழுத்து சிதைந்திருக்கிறது, கோடு எடுக்கும்போதே சரியாகப் படித்துவிட வேண்டும். விளவங்கோடு பக்கம் பெரியவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், வண்டி அனுப்புகிறேன்.